நன்றிக்கடன் வேண்டாம், வீட்டுக்கடன் போதும்

ஏழைக் குடும்பத்துக்குத் தொண்டு நிறுவனம் ஒன்று வீடு கட்டிக் கொடுத்தது என்று செய்தி வந்தால், கூடவே ஒரு படமும் வரும். புது வீட்டு வாசலில் ரிப்பன், கையில் சாவியோடு ஒரு தாய், அவரை ஒட்டிக்கொண்டு பிள்ளைகள், சுற்றிலும் ஒரே நிறச் சட்டை போட்ட தன்னார்வலர்கள். பார்க்கிறவர் மனம் உடனே கணக்கை முடித்துவிடுகிறது: கொடுக்கிறவர் கொடுத்தார், வாங்குகிறவர் வாங்கினார், வீடு சும்மா கிடைத்தது. பாராட்டும் இந்தக் கணக்கிலிருந்துதான் பிறக்கிறது, முணுமுணுப்பும் இதிலிருந்துதான் பிறக்கிறது. ஒருவர் ‘எவ்வளவு பெரிய மனசு’ என்கிறார். இன்னொருவர் ‘நாங்கள் முப்பது வருஷம் வங்கிக்குக் கட்டுகிறோம், இவர்களுக்கு மட்டும் ஓசியா’ என்கிறார். அது ஓசி இல்லை, மாதாமாதம் தவணை கட்டவேண்டிய வீடு என்று தெரிந்ததும் மூன்றாவது குரல் ஒன்று எழுகிறது: ‘ஏழையிடம் காசு வாங்கினால் அதற்குப் பெயர் தொண்டா?’ அமெரிக்காவின் ஹேபிடட் ஃபார் ஹியூமானிட்டி அமைப்பைப் பற்றிப் பேசுகிறவர்களிடம் இந்த மூன்று குரல்களையும் கேட்கலாம். மூன்றும் ஒன்றோடொன்று சண்டை போடுவதுபோல் தெரிந்தாலும், அடியில் ஒரே நம்பிக்கையைத்தான் வைத்திருக்கின்றன: உண்மையான அறம் என்றால் இலவசமாகத்தான் இருக்கவேண்டும். அந்த நம்பிக்கை தவறு என்பதே என் வாதம். அந்த வீடு கடனாகத் தரப்படுவதில்தான் அதன் அறமே இருக்கிறது.

இந்த ஏற்பாடு எங்கே, யாருக்காகத் தொடங்கியது என்று பார்த்தாலே பாதி விளங்கும். ஜார்ஜியா மாநிலத்தில் அமெரிக்கஸ் என்னும் சிற்றூருக்குப் பக்கத்தில் 1942இல் கிளாரன்ஸ் ஜோர்டன் என்ற பைபிள் அறிஞரும் அவருடைய தோழர்களும் கொய்னோனியா என்ற பண்ணையைத் தொடங்கினார்கள். கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஒன்றாக உழைத்து ஒரே மேசையில் சாப்பிட்ட இடம் அது. 1950களில் அக்கம்பக்கத்து வெள்ளையர்கள் அதன்மேல் துப்பாக்கியால் சுட்டார்கள், சாலையோரக் கடைக்குக் குண்டு வைத்தார்கள், பண்ணையோடு கொடுக்கல் வாங்கலையே நிறுத்தினார்கள். பண்ணை தன் பீக்கன் கொட்டைகளைத் தபாலில் விற்றுப் பிழைத்தது. சுற்றிலும் வாரத்துக்கு உழுத கறுப்பினக் குடும்பங்கள் ஒழுகும் குடிசைகளில் இருந்தன. அவர்களுக்கு உழைப்பு இருந்தது, குறைந்தபட்சம் ஏதோ ஒரு கூலியும் வந்தது; கடன் கொடுக்கத்தான் ஆள் இல்லை. 1930களில் அமெரிக்க அரசு வீட்டுக்கடன்களுக்கு உத்தரவாதம் தரத் தொடங்கியபோது, கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதிகளை ஆபத்தானவை என்று வரைபடத்தில் சிவப்பு நிறத்தால் குறித்து ஒதுக்கிய நாடு அது. சொத்தையெல்லாம் கொடுத்துவிட்டு அந்தப் பண்ணைக்கு வந்து சேர்ந்த அலபாமா வழக்கறிஞர் மில்லர்ட் ஃபுல்லரும் ஜோர்டனும் சேர்ந்து 1968இல் ஒரு சுழல்நிதியை அமைத்தார்கள். லாபம் வைக்காமல் வீடு கட்டுவது, வட்டி வாங்காமல் விற்பது, வருகிற தவணையைக் கொண்டு அடுத்த வீட்டைக் கட்டுவது, இவ்வளவுதான் திட்டம். ஏழைக்குத் தேவை இரக்கம் இல்லை, மூலதனம் என்பது ஜோர்டனின் எண்ணம். முதல் வீடு முடிவதற்குள் 1969இல் அவர் இறந்துபோனார். ஃபுல்லரும் அவர் மனைவி லிண்டாவும் அன்றைய ஜயர் நாட்டில் மூன்று ஆண்டு இதே முறையில் வீடு கட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி, 1976இல் ஹேபிடட்டைத் தொடங்கினார்கள். வங்கி மறுத்த கடனைத் தருவதற்காகப் பிறந்த அமைப்பை, தானம் செய்யப் பிறந்த அமைப்பு என்று நினைப்பதில்தான் குழப்பம் எல்லாம் தொடங்குகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வீட்டின் விலை ஒன்றரை லட்சம் டாலர் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 6 விழுக்காடு வட்டியில் 30 ஆண்டுக்கு வங்கி கடன் கொடுத்தால், மாதத் தவணை ஏறத்தாழ 899 டாலர். முப்பது ஆண்டு முடிவில் கட்டியிருப்பது சுமார் 3 லட்சத்து 24 ஆயிரம் டாலர். அதாவது வீட்டின் விலையைவிட அதிகமான தொகை வட்டியாகவே போயிருக்கும். அதே ஒன்றரை லட்சத்தை வட்டியில்லாமல் 360 மாதத்தில் கட்டினால், மாதத்துக்கு 417 டாலர். இரண்டிலும் வீட்டுவரிக்கும் காப்பீட்டுக்கும் 300 டாலர் சேர்த்தால், வங்கி வழியில் 1,199, வட்டியில்லா வழியில் 717. வருமானத்தில் 30 விழுக்காட்டுக்குமேல் வீட்டுக்குப் போகக் கூடாது என்பது அந்நாட்டில் பரவலாக ஏற்கப்பட்ட அளவு. ஹேபிடட்டும் அதைத்தான் எல்லையாக வைக்கிறது. அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், வங்கிக் கடனைத் தாங்க மாதம் 4,000 டாலர் வருமானம் வேண்டும்; வட்டியில்லாக் கடனைத் தாங்க 2,400 டாலர் போதும். இந்த 2,400க்கும் 4,000க்கும் நடுவே நிற்கிறவர்களுக்காகத்தான் இந்த ஏற்பாடு இருக்கிறது. மருத்துவமனையில் நோயாளிக்குத் துணையாக நிற்கிறவர், பள்ளிச் சமையலறையில் வேலை செய்கிறவர், பேருந்து ஓட்டுகிறவர்: இவர்களில் பலர் இந்த இடைவெளிக்குள்தான் இருக்கிறார்கள். தங்களுக்குக் குறித்த விலை முழுவதையும் இவர்களே கட்டித் தீர்க்கிறார்கள். இந்தக் கணக்கில் சலுகை வட்டியில்தான், அசலில் இல்லை.

யாருக்குத் தகுதி என்ற கேள்விக்கு அமைப்பு மூன்று அளவுகோல்களை வைக்கிறது: தேவை இருக்கவேண்டும், தவணை கட்ட முடியவேண்டும், கூட நின்று உழைக்க மனம் வேண்டும். தேவை என்பது வெறும் வறுமை இல்லை. ஒரே அறையில் ஐந்து பேர் படுப்பது, சுவரெல்லாம் ஈரம் பூத்துப் பிள்ளைக்கு ஓயாத இருமல், சம்பளத்தில் பாதியை வாடகை விழுங்குவது, வங்கி கடன் தர மறுப்பது, எல்லாம் இதில் அடங்கும். வருமானத்துக்கு மேல்வரம்பும் உண்டு, கீழ்வரம்பும் உண்டு; அந்தந்த வட்டாரத்தின் நடுத்தர வருமானத்தை வைத்து உள்ளூர்க் கிளை அதை வகுக்கிறது. நியூயார்க்கில் ஏழை என்று சொல்லப்படுகிறவரின் சம்பளம் ஜார்ஜியாவின் கிராமத்தில் வசதியானவருடையதாக இருக்கலாம் என்பதால், ஒரே எண்ணை நாடு முழுவதற்கும் வைக்க முடியாது. சம்பளச் சீட்டு, வரிக் கணக்கு, ஏற்கெனவே உள்ள கடன்கள் எல்லாவற்றையும் பார்க்கிறார்கள். இனம், மதம், பிறந்த நாடு, உடற்குறை, பிள்ளைகள் இருப்பது ஆகியவற்றைக் காட்டி யாரையும் விலக்க 1968இன் நியாயமான வீட்டுவசதிச் சட்டமும் அதன் திருத்தங்களும் இடம் தருவதில்லை; கிறிஸ்தவர்கள் தொடங்கிய அமைப்பு என்றாலும் விண்ணப்பிக்கிறவர் எந்தக் கோயிலுக்குப் போகிறார் என்பதைப் பார்த்து முடிவெடுக்க முடியாது. ‘கட்ட முடியவேண்டும்’ என்பதை வேலைக்குப் போகவேண்டும் என்று படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அதுவும் தவறு. உதவித்தொகையில் வாழ்கிறார் என்பதற்காகக் கடன் மறுக்கக் கூடாது என்று அந்நாட்டுக் கடன் சட்டமே சொல்கிறது; முதியோர் ஓய்வூதியமும் ஊனத்துக்கான உதவிப்பணமும் வருமானமாகவே எண்ணப்படுகின்றன.

‘எங்கள் வரிப்பணத்திலும் நன்கொடையிலும் இவர்களுக்குச் சலுகை’ என்று முணுமுணுக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். அமெரிக்காவில் சொந்த வீட்டுக்காரர் வங்கிக்குக் கட்டும் வட்டியை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். 2017இன் வரிச்சட்டத்துக்குப் பிறகும் ஏழரை லட்சம் டாலர் கடன்வரை அந்தச் சலுகை உண்டு. அதற்கு முன்பு பத்து லட்சம்வரை இருந்தது. பெரிய வீடும் பெரிய கடனும் பெரிய வருமானமும் உள்ளவருக்குத்தான் இதில் பெரிய பலன். வட்டிச் சுமையில் ஒரு பங்கை அரசு ஏற்றுக்கொள்கிறது என்பதுதான் இதற்குப் பொருள். யாரும் அதைத் தானம் என்று சொல்வதில்லை, வாங்குகிறவரிடம் நன்றியை எதிர்பார்ப்பதும் இல்லை, அவர் வீட்டு வாசலில் ரிப்பன் கட்டிப் படம் எடுப்பதும் இல்லை. வட்டிச் சுமையைக் குறைப்பது பணக்காரருக்குச் சட்டப்படியான உரிமை, ஏழைக்கு மட்டும் பிச்சை என்றால், பேச்சு பணத்தைப் பற்றியதாக இல்லை, ஆளைப் பற்றியதாக இருக்கிறது.

இனி மூன்றாவது குரலுக்கு வருவோம். காசு வாங்காமல் கொடுத்தால்தான் அறம் என்கிறவர்கள், அப்படிக் கொடுக்கப்பட்ட வீடுகளில் ஏழைகள் எப்படி வாழ்ந்தார்கள் என்று பார்க்கவேண்டும். ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் யாக்கோப் ஃபூகர் என்ற பெருவணிகர் 1521இல் ஏழைகளுக்காக நிறுவிய ஃபூகரை குடியிருப்பு இன்றும் நடக்கிறது. ஆண்டு வாடகை இன்றைய கணக்கில் 88 யூரோ சென்ட். ஒரு டாலர் அளவுதான். மனித வரலாற்றில் இவ்வளவு மலிவாக இவ்வளவு காலம் நடந்த வீட்டுத் தொண்டு அரிது, அதை நான் குறைத்துச் சொல்ல வரவில்லை. ஆனால் அங்கே இருக்கக் கத்தோலிக்கராக இருக்கவேண்டும். நிறுவியவரின் குடும்பத்துக்காக நாள்தோறும் மூன்று ஜெபங்கள் சொல்லவேண்டும். இரவு பத்து மணிக்குக் கதவு சாத்தப்படும், பிந்தி வருகிறவர் காவலாளிக்குச் சில்லறை கொடுத்துத்தான் உள்ளே போகலாம். ஐந்நூறு ஆண்டு ஆகியும் கொடுத்தவர் குடும்பத்துக்கான அந்த ஜெபக் கடன் தீரவில்லை. லண்டனில் ஜார்ஜ் பீபடி என்ற அமெரிக்க வங்கியாளரின் கொடையில் 1862இல் தொடங்கிய அறக்கட்டளை வாடகை வாங்கியது. ஆனால் மேற்பார்வையையும் விடவில்லை. குடும்பத்தில் எல்லாரும் அம்மை குத்தியிருக்கவேண்டும், இரவு பதினொரு மணிக்கு வெளிக்கதவு சாத்தி கேஸ் விளக்கை அணைத்துவிடுவார்கள், சுவருக்கு வண்ணம் பூசக் கூடாது. சுவரில் ஆணி அடிக்கவும் கூடாது. இறந்துபோன அப்பாவின் படத்தை மாட்ட ஓர் ஆணி அடிக்க உரிமை இல்லாத வீட்டை, எத்தனை நல்ல சுவர் இருந்தாலும், சொந்தம் என்று எப்படிச் சொல்வது? கொடுத்தவர் கெட்டவர் என்பதால் இந்த விதிகள் வரவில்லை. வீடு கொடுத்தவருடையதாகவே இருந்தது, அதனால் வந்தன. வீட்டுக்கடனுக்குத் தவணை எண்ணிக்கை உண்டு. 360ஆவது தவணை கட்டிய மறுநாள், கடன் கொடுத்தவரும் வாங்கியவரும் தெருவில் எதிரெதிரே வந்தால் இரண்டு பேரும் சமம். நன்றிக்கடனுக்கு அப்படி ஒரு கடைசித் தவணை கிடையாது.

இங்கே ஒரு நேர்மையான எதிர்வாதம் வரும். ஹேபிடட்டும் விதி போடுகிறதே, வீடு வாங்குகிறவரைக் கல்லும் மரமும் சுமக்கச் சொல்கிறதே, வங்கியில் கடன் வாங்குகிற பணக்காரரை யாராவது சுத்தியலைப் பிடிக்கச் சொல்கிறார்களா? கேள்வி சரியானது. குடும்பத்துக்குக் குடும்பம், கிளைக்குக் கிளை மாறினாலும், பொதுவாக 250 முதல் 500 மணிநேரம் உழைப்பு கேட்கிறார்கள். முழுநேர வேலை, பிள்ளைகள், இரண்டு பேருந்து மாறிப் போகும் பயணம் இவற்றோடு சனிக்கிழமைகளைக் கட்டுமான இடத்தில் கழிப்பது லேசான காரியம் இல்லை. ஆனாலும் இந்த நிபந்தனையை அவமானம் என்று ஒதுக்க என்னால் முடியவில்லை. உழைப்பு என்றால் பாரம் தூக்குவது மட்டும் இல்லை. உடம்பு முடியாதவர் அலுவலக வேலை செய்யலாம், உறவினரும் நண்பர்களும் தங்கள் மணிநேரத்தைக் கணக்கில் சேர்க்கலாம், வீட்டுப் பராமரிப்பு பற்றியும் வரவு செலவு பற்றியும் நடக்கும் வகுப்பில் உட்கார்ந்த நேரமும் சேரும். முக்கியமானது இன்னொன்று. பல இடங்களில் அந்த மணிநேரங்களில் ஒரு பகுதி பக்கத்து மனையில் எழும் இன்னொரு குடும்பத்தின் வீட்டுக்குப் போகிறது. நன்கொடையாளரும் வீட்டுக்காரரும் ஒரே சுவரை ஆளுக்கொரு முனையில் பிடித்துத் தூக்கி நிறுத்துகிறார்கள். 1984 செப்டம்பரில் ஜிம்மி கார்ட்டர் ஜார்ஜியாவிலிருந்து பேருந்தில் நியூயார்க்குக்குப் போய், பாழடைந்த ஆறு மாடிக் கட்டடம் ஒன்றை 19 குடும்பங்களுக்காகப் புதுப்பிக்கத் தச்சு வேலை செய்தபோது, ஒரு முன்னாள் குடியரசுத் தலைவர் ஏழைகளுக்காக உழைத்தார் என்றுதான் செய்தி போட்டார்கள். அதே மரத்தூளில் வீட்டுக்காரர்களும் நின்று உழைப்பதுதான் இம்முறையின் அடிப்படை. பீபடி கட்டடத்தில் ஆணி அடிக்க அனுமதி இல்லை. இங்கே மரச்சட்டத்தை நிறுத்தும் முதல் ஆணியையே அந்த வீட்டுக்குப் போகிறவர் அடிக்கலாம். வாசலில் சாவியை வாங்கும்போது அவருக்கு எந்தச் சுவருக்குள் எந்தக் குழாய் ஓடுகிறது என்று தெரிந்திருக்கும்.

இதைவிடக் கடுமையான குற்றச்சாட்டு, இந்த ஏற்பாடு பரம ஏழையைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிடுகிறது என்பது. அது உண்மைதான், மறைக்க ஒன்றும் இல்லை. வருமானமே இல்லாதவர், தெருவில் படுக்கிறவர், கடனில் மூழ்கிப்போனவர் இங்கே தேறமாட்டார். ஆனால் குறையை யார் தலையில் வைப்பது? வருமானம் இல்லாதவருக்குத் தேவை வாடகை உதவி, அரசுக் குடியிருப்பு, மருத்துவம். 1974இலிருந்து அமெரிக்க அரசுக்கு வாடகை உதவித் திட்டம் ஒன்று இருக்கிறது. தகுதி உள்ள குடும்பங்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்குத்தான் அரசின் வாடகை உதவி எட்டுகிறது. 1998இல் கொண்டுவந்த சட்டத் திருத்தம் அரசுக் குடியிருப்புகளின் எண்ணிக்கையையே 1999இல் இருந்த அளவில் பூட்டிவைத்தது. பரம ஏழைக்கு வீடு இல்லாமல் போனது இந்தக் கதவுகள் மூடியிருப்பதால். கட்டமுடியாத தவணையை அவர் தலையில் சுமத்தி, இரண்டே வருஷத்தில் வீட்டைப் பறிகொடுக்க வைப்பது கருணை ஆகாது. 2008இன் நிதி நெருக்கடிக்கு முந்தைய ஆண்டுகளில் வங்கிகளும் தரகர்களும் செய்தது அதைத்தான்: தாங்கமுடியாதவர் என்று தெரிந்தே, முதல் சில ஆண்டுகள் சிறிய தவணையும் பிறகு எகிறும் வட்டியும் வைத்துக் கடன் கொடுத்து, அந்தப் பத்திரத்தை அடுத்தவர் கையில் விற்றுவிட்டார்கள். கீழ்வரம்பு என்பது அந்தப் பாவத்தைச் செய்யாமல் இருப்பதற்கான எல்லை. ஹேபிடட் வீட்டிலும் தவணை தொடர்ந்து தவறினால் வீடு போகலாம். அதனால்தான் கட்டமுடியுமா என்று முதலிலேயே பார்ப்பது அவர்களுடைய கடமையாகிறது.

மறுவிற்பனைக் கட்டுப்பாட்டைப் பற்றியும் கேட்பார்கள். சந்தை விலைக்கும் குடும்பம் கட்டும் விலைக்கும் உள்ள இடைவெளியைப் பல கிளைகள் இரண்டாவது அடமானமாக எழுதிவைக்கின்றன; அதற்குத் தவணை இல்லை. ஆனால் சீக்கிரம் விற்றால் அந்தத் தொகையைத் திருப்ப வேண்டியிருக்கும், முதலில் வாங்கும் உரிமையும் அமைப்புக்கு இருக்கும். ஏழை மட்டும் ஏன் விலை ஏற்றத்தின் முழு லாபத்தையும் அனுபவிக்கக் கூடாது என்பது நியாயமான கேள்வி. சில கிளைகளின் கட்டுப்பாடு நீண்டுவிடுகிறது என்றுதான் எனக்கும் படுகிறது. ஆனால் கட்டுப்பாடே கூடாது என்பதை ஏற்க முடியாது. அந்த இடைவெளி அடுத்த குடும்பத்தின் வீடு. முதல் ஆண்டே ஊகவணிகர் ஒருவர் வந்து பை நிறையப் பணத்தோடு அதை வாங்கிப் போனால், நிதி சுழல்வது அந்த இடத்தோடு நின்றுவிடும்.

கடைசியாக ஒன்று. கடனே இல்லாமல் வீடு கொடுக்கமுடியும் என்று இன்னும் நம்புகிறவர்கள் இலங்கையின் வடக்கைப் பார்க்கவேண்டும். போருக்குப் பின் இந்திய அரசு இலங்கையில் மொத்தம் 50,000 வீடுகளுக்கு நிதி அளித்தது. 2012இல் தொடங்கிய பெருங்கட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஐந்தரை லட்சம் இலங்கை ரூபாய், கட்டட வேலை நகர நகரப் பகுதி பகுதியாக. செயல்படுத்திய அமைப்புகளில் ஹேபிடட்டும் ஒன்று. போரில் இழந்த வீட்டுக்கு ஈடாக வந்த பணம் என்பதால் அது கடனாக இல்லாமல் மானியமாக இருந்தது முற்றிலும் சரி. வீட்டுக்காரரே முன்னின்று கட்டவேண்டும் என்ற ஏற்பாடும் சரி: மேசனைப் பிடிப்பதும் மணலும் சீமெந்தும் வாங்குவதும் குடும்பத்தின் பொறுப்பு, அதனால் தங்கள் வீடு என்ற உணர்வு அத்திவாரத்திலிருந்தே இருந்தது. ஆனால் மணலும் கூலியும் ஏறியபோது, ஐந்தரை லட்சத்தில் வேலை முடியாத குடும்பங்கள் பல. கூரை மட்டம் வரை எழும்பிய சுவரைப் பார்த்துக்கொண்டு யாரும் சும்மா இருக்கமுடியாது. நகை அடகுக்குப் போனது, உறவினரிடம் கைமாற்று வாங்கினார்கள், நுண்கடன் நிறுவனத்தின் வாராந்தத் தவணைக்காரர் முற்றத்துக்கு வந்தார். வீட்டுக்காக வாங்கியது மட்டும் இல்லாமல் விவசாயத்துக்கும் பிழைப்புக்கும் வாங்கியதும் சேர்ந்து நுண்கடன் பெண்களை நெரித்த நெரிப்பில், 2018இல் இலங்கை அரசே, வறட்சி கண்ட மாவட்டங்களில் பெண்கள் பட்ட ஒரு லட்சம் ரூபாய் வரையிலான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய முன்வந்தது. திட்டம் கடன் கொடுக்கவில்லை. அதனால் கடன் இல்லாமல் போய்விடவில்லை. கொடுக்கிற கை மட்டும் மாறியது. மானியத்தோடு சேர்த்து, மிச்சம் வேண்டிய தொகைக்கு வட்டியில்லாத ஒரு நீண்டகாலக் கடனும் அந்தப் பெண்களுக்குக் கிடைத்திருந்தால், கூரை ஓட்டுக்காகத் தாலிக்கொடி அடகுக்கடைக்குப் போயிருக்காது.